குளிச்சிட்டு வந்ததும்

வகுப்பிலிருந்து வார்டுக்குப் போகும் மருத்துவ மாணவர்களுக்கு ஒரே ஒரு வியாதிதான் உண்டு, அதன் பெயர் பயம், அதைக் கழற்றி எறிந்துவிட்டால் மிச்சமெல்லாம் தானாக வந்து சேரும் என்று நான் நம்பினேன். நம்பியதோடு விடவில்லை, ஒரு வாரம் அதைப் பாடமாகவும் நடத்தினேன். அந்த வாரம் முழுக்க அந்தக் கட்டடத்திலேயே அதிகமாகப் பயந்துகொண்டிருந்த ஆள் நான்தான் என்பது எனக்கும் என் சட்டைக் கக்கத்துக்கும் மட்டும் தெரியும்.

நான் ஃபிசியாலஜி வாத்தியார். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித் தருகிற துறை. ஊரில் பாதிப் பேர் அதை ஃபிசியோதெரபி என்று நினைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் தோள்பட்டையைத் திருப்பிக் காட்டுவார்கள். ‘அண்ணாச்சி, இங்கன பிடிச்சிருக்கு, லேசா அமுக்கி விடுங்க.’ மறுத்தால் மரியாதை இல்லை என்று நானும் அமுக்கி விட்டிருக்கிறேன். மற்றபடி நோயாளி என்று ஒருவரைத் தொட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. படிப்பு முடித்துப் பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் முழுக்க நாடியை எண்ணினேன். எழுபத்தாறு. சீராக இருக்கிறது என்று எழுதப் போனேன். பக்கத்தில் நின்ற சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: ‘சார், நீங்க எண்ணுனது உங்க கட்டைவிரல் துடிப்பு. அவரு போயி அரை மணி நேரமாச்சு.’ அந்த வருஷமே நான் ஃபிசியாலஜிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டேன். அங்கே தவளைதான் இருந்தது. தவளை செத்தால் யாரும் வந்து என் முகத்தைப் பார்த்து நிற்பதில்லை.

அப்படிப்பட்ட ஆளைத்தான் டீன் கூப்பிட்டு, முதல் தடவையாக வார்டுக்குப் போகும் எட்டு மாணவர்களை என் தலையில் கட்டினார்.

‘ஒங்க வகுப்புலதான்யா பிள்ளைங்க சிரிக்குதுங்க. வார்டுன்னா நடுங்குதுங்க. ஒரு வாரம் பழக்கி விடுங்க, பொறவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி நாலு நாள் கூட நில்லுங்க.’

‘சார், நான் பேஷண்ட் பாத்து ரொம்ப நாளாச்சு.’

‘நீங்க பாக்க வேண்டாம். அவுங்க பாப்பாங்க. நீங்க சும்மா நில்லுங்க.’

சும்மா நிற்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. சரி என்றேன்.

பழக்கிவிடுகிற வாரத்தில் நானே நோயாளியாக நடித்தேன். இடுப்பில் சாரத்தை, லுங்கியைத்தான் அப்படிச் சொல்வோம், கட்டிக்கொண்டு வகுப்பறை மேஜைமேல் படுத்து, முனகி, புரண்டு, ஒருமுறை செத்தும் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். எட்டில் ஆறு பேர் வெளி மாவட்டம். இந்தப் பக்கத்துப் பேச்சு அவர்களுக்குப் புரியாது என்பதால் நாற்பது சொற்களுக்கு ஒரு பட்டியல் அச்சடித்துக் கொடுத்தேன். ‘மேலுக்குச் சரியில்ல’ என்று ஒருவர் சொன்னால் உடம்பு சரியில்லை என்று பொருள். போன வருஷம் ஒரு பையன் அதை ‘உடம்பின் மேல்பகுதியில் கோளாறு’ என்று எழுதிவிட்டு, நோயாளியின் தோளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மண்டையிடி என்றால் தலைவலி. தடுமம் என்றால் சளி. எளப்பு என்றால் மூச்சு வாங்குவது. உள்ளூர்க்காரன் என்ற திமிரோடு உட்கார்ந்து எழுதிய பட்டியல் அது. கடலிலிருந்து நாலு தெரு தள்ளி, மளிகைக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது. ஆனால் கடற்கரை ஆட்கள் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கூடவே ஒரு விதியும் சொல்லிக் கொடுத்தேன். ‘ஒரு கேள்விய ரெண்டு தரம் கேக்காதீங்க. ரெண்டாவது தரம் கேட்டா நீங்க பயந்திருக்கீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சு போயிரும். கேட்டியா, எழுதுனியா, அடுத்த கேள்விக்குப் போனியா, அவ்வளவுதான்.’

அந்த எட்டுப் பேரில் கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருக்கும். அவள் பிடித்த நோட்டில் நாலு விரல் தடமும் ஈரமாகத் தெரியும். பேப்பரில் எழுதியதை எழுதியதாகவே விடமாட்டாள். ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பக் கேட்பாள். இந்தப் பெண்ணுக்குத்தான் வியாதி முற்றிப்போயிருக்கிறது என்று முடிவு கட்டி, அந்த விதியை அவளைப் பார்த்தே மூன்று தடவை சொன்னேன்.

ஆஸ்பத்திரி துறைமுகச் சாலையில் இருந்தது. உப்பு லாரிகளும் கன்டெய்னர் வண்டிகளும் போகிற சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டே இருக்கும். முதல் நாள் காலை ஒன்பதரைக்கு ஆண்கள் வார்டுக்குள் போனோம். கல்யாணமான புதிதில் தைத்த வெள்ளைக் கோட்டைப் போட்டிருந்தேன். பொத்தான் எட்டவில்லை. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன், காதில் மாட்டுகிற அபாயம் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு. எட்டுப் பேரிலும் உயரமான பையனைத் தேர்ந்தெடுத்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

ஆறாவது கட்டிலில் ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். நாற்பதுக்குள் வயது. கறுத்து இறுகிய உடம்பு, கழுத்தில் ஜெபமாலை, கட்டில் ஓரத்தில் சிறுநீர்ப் பை தொங்கியது. முந்தின நாள் சாயங்காலம் சேர்த்திருந்தார்கள். இடுப்பில் டிஸ்க் நகர்ந்திருக்கலாம் என்று சந்தேகித்து ஸ்கேனுக்கு எழுதிவைத்திருந்தார்கள். கால்மாட்டில் அவர் மனைவி ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோபிப் பெண்ணின் முறை. நான் கற்றுக்கொடுத்தபடியே ஆரம்பித்தாள், அவளுடைய ஊர் இழுவையோடு.

‘வணக்கமுங்க அண்ணாச்சி. உங்களுக்கு என்னங்க பண்ணுது?’

அந்த மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘எந்த ஊரும்மா நீங்க?’

‘கோபி பக்கமுங்க.’

‘தூரந்தான்.’ போர்வைக்கு மேலே தொடையைத் தட்டிக் காட்டினார். ‘காலு ரெண்டும் மரத்துக் கெடக்கும்மா. மொதல்ல எறும்பு ஊருத மாதிரி இருந்துச்சு. இப்பம் எறும்பும் இல்ல.’

‘எப்ப இருந்துங்க?’

‘நேத்து மத்தியானம். குளிச்சிட்டு வந்து உக்காந்தேன். முதுகுல சுருக்குன்னு ஒரு பிடி. பொறவு எந்திரிக்க முடியல. ஒண்ணுக்கும் போகல, அதுக்குத்தான் குழாய் வச்சிருக்காவ.’

‘குளிச்சிட்டு வந்துங்களா?’

‘ஆமா. குளிச்சிட்டுத்தான்.’

‘என்ன தொழிலுங்க?’

‘கடத்தொழிலு.’

மீனவர் என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் நின்றாள். மேலே எழுதிய வரிக்கு மறுபடி கண் போனது. ‘இல்லைங்க, குளிச்சீங்கன்னு சொன்னீங்களே, அது எங்கீங்க...’

அந்த இடத்தில்தான் எனக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. ரெண்டு தரம் கேட்கிறாளே, இப்போது இவர் நம் எல்லோரையும் கண்டுபிடித்துவிடுவாரே, எனக்கும் ஒன்றும் தெரியாது என்று தெரிந்துவிடுமே என்று. எனக்குப் பதற்றம் வந்தால் வாயிலிருந்து வேடிக்கைப் பேச்சு வரும். சிலருக்கு விக்கல் வருகிற மாதிரி. உயரமான பையன் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினேன்.

‘குளிச்சா காலு மரத்துப் போகுமா அண்ணாச்சி? அப்பம் எங்க ஹாஸ்டல் பயலுவ நூறு வயசு வரைக்கும் நல்லா நடப்பானுவ. ஒருத்தனும் குளிக்கதே இல்ல.’

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்து இருமினார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். கோபிப் பெண்ணும் வேறு வழியில்லாமல் சிரித்தாள். ஆறாவது கட்டில்காரரும் சிரித்தார். வயிறு குலுங்கியது, ஜெபமாலை குலுங்கியது, போர்வைக்குள் கால்கள் மட்டும் வைத்தது வைத்தபடி கிடந்தன. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ‘அடுத்த கேள்வி’ என்றேன்.

‘குளித்துவிட்டு வந்ததும் முதுகுவலி, பிறகு இரு கால்களிலும் உணர்ச்சி இல்லை’ என்பது அவள் தாளில் அப்படியே நின்றது. வார்டுப் பொறுப்பில் இருந்த இளம் டாக்டர் அறுபது கட்டில்களுக்கு ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். எங்கள் தாளை வாங்கிப் பார்த்து, ‘பாத்ரூம்ல வழுக்கியிருப்பார், குனிஞ்சு வாளியத் தூக்கியிருப்பார்’ என்று சொல்லி, ஸ்கேன் எப்போது கிடைக்கும் என்று சிஸ்டரிடம் கேட்டார். நாளைக்கு என்றார்கள். நானும் தலையாட்டினேன். வாளி தூக்கி டிஸ்க் நகர்ந்த கதைகள் எனக்கும் நாலு தெரியும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம், வார்டில் கொடி நாட்டிவிட்டு வந்தேன் என்று சொன்னேன். நோயாளிகூடச் சிரித்தார் என்றேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி கேண்டீனில் உளுந்தவடையும் டீயுமாக உட்கார்ந்திருந்தேன். எட்டுப் பேர் வந்து சேர இன்னும் அரை மணி இருந்தது. கோபிப் பெண் மட்டும் வார்டுப் பக்கமிருந்து வேகமாக வந்தாள். நோட்டு நனைந்திருந்தது.

‘சார், பாகம்னா என்னங்க சார்?’

‘பாகமா? சொத்துப் பிரிக்கும்போது வரும். ஏன், உங்க வீட்டுல தகராறா?’

அவள் சிரிக்கவில்லை. ‘நீங்க ரெண்டு தரம் கேக்கக் கூடாதுன்னீங்க சார். இருந்தாலும் மனசு கேக்கலைங்க. சீக்கிரமே வந்து அந்த அண்ணாச்சிகிட்ட மறுபடி கேட்டனுங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்தீங்களான்னு. சிரிக்கிறாருங்க சார். பத்துப் பாகத்துக்குக் கீழ வழுக்கதுக்கு என்னம்மா இருக்கு, சங்குதான் கெடக்குன்னாரு.’

பாகம் என்றால் கடலில் ஆழத்தை அளக்கிற அளவு. இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். பத்துப் பாகம் என்றால் அறுபது அடி.

குளிப்பது என்றால் இந்தக் கரையில் முங்குவது. முத்துக் குளிப்பது, சங்கு குளிப்பது. முத்து போய்ச் சங்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. குளிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, அதிலிருந்து வருகிற குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு கீழே போவார்கள். ‘குளிச்சிட்டு வந்தேன்’ என்று அவர் சொன்னது கடலுக்கடியிலிருந்து ஏறி வந்ததை. வாளியும் சோப்பும் என் மண்டைக்குள் மட்டும்தான் இருந்தன. முத்துக் குளித்ததற்குப் பெயர்போன ஊரில் பிறந்து வளர்ந்து, அச்சடித்த பட்டியலும் கொடுத்து, அந்தச் சொல் காதில் விழுந்தபோது ஹாஸ்டல் பையன்களை நினைத்துக்கொண்ட உள்ளூர்க்காரன் நான்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. எனக்கு இந்த நோய் தெரியும். மற்ற டாக்டர்கள் எப்போதாவது பரீட்சைக்குப் படித்து மறந்திருப்பார்கள். நான் வருஷா வருஷம் நடத்துகிறேன். ஆழத்தில் இருக்கும்போது சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் அழுத்தத்தால் ரத்தத்தில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால் அது குமிழ் குமிழாகக் கிளம்பும். குமிழ் தண்டுவடத்தில் சிக்கினால் கால் போகும், சிறுநீர் நிற்கும். இதை விளக்குவதற்காக ஒரு சோடா பாட்டிலைக் குலுக்கி முன்வரிசைக்காரன் முகத்துக்கு நேராகத் திறப்பேன். என் வகுப்பிலேயே அதிகமாகச் சிரிப்பு வருகிற இடம் அதுதான். சிகிச்சை என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: மறுபடி அழுத்தத்துக்குள் வைக்க வேண்டும், அதற்கான அறையில், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். தாமதமாகிற ஒவ்வொரு மணி நேரமும் நரம்பு செத்துக்கொண்டிருக்கும் என்று கரும்பலகையில் அடிக்கோடு போட்டு எழுதுவேன்.

கேண்டீனிலிருந்து ஓடினேன். ஓடினேன் என்று எழுதினால் கம்பீரமாக இருக்கிறது. ஒரு செருப்பு படியிலேயே நின்றுவிட்டது, கோட்டு கதவுக் கைப்பிடியில் மாட்டிப் பை கிழிந்தது, கையில் பாதி வடை இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வார்டு வரைக்கும் பிடித்துக்கொண்டே போனேன்.

‘அண்ணாச்சி, சங்கு குளிக்கவா போனிய?’

‘ஆமா சார்.’

‘கம்ப்ரசர்லயா?’

‘அதுலதான். மூணு தரம் எறங்குனேன். மூணாவது தரம் ஓசுக் குழாயில காத்து நின்னு போச்சு. மூச்சு முட்டுது. சட்டுனு மேல வந்துட்டேன்.’

‘மேல வரும்போது மணி என்ன இருக்கும்?’

‘பதினொண்ணு இருக்கும். முந்தாநாளு.’

நாற்பத்தாறு மணி நேரம். கணக்கு மட்டும் எனக்கு உடனே வந்துவிட்டது.

‘இத ஏன் மொதல்லயே சொல்லல?’ என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது. கோபமில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் பேசினார். ‘சொன்னமே சார். கொண்டுவந்து சேக்கும்போது அந்த டாக்டருட்ட சொன்னோம். சிஸ்டரம்மாட்ட சொன்னோம். நேத்து உங்க எல்லாருட்டயும் சொன்னாவள்ளா, குளிச்சிட்டு வந்துதான்னு. நீங்கதான் சிரிச்சிய. நல்ல டாக்டரு போல, பயப்பட ஒண்ணுமில்லன்னுதான் சிரிக்காவன்னு நாங்களும் இருந்துட்டோம்.’

கோபிப் பெண் என் பக்கத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். அது அவள் எனக்குச் செய்த மரியாதை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகம்தான். இளம் டாக்டரிடம் சொன்னதும் அவர் அடுத்த நிமிஷமே ஆக்சிஜன் மாட்டினார், டிரிப்ஸ் ஏற்றினார், போனை எடுத்தார். அழுத்த அறை எங்கே இருக்கிறது என்று மூன்று ஊருக்குப் பேசினார்கள். கிடைத்த இடம் ஆறு மணி நேரத் தொலைவு. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி ஆனது. அந்த முக்கால் மணியும் கட்டில் பக்கத்திலேயே நின்றேன். ஒளிந்துகொள்ள உயரமான முதுகு எதுவும் கிடைக்கவில்லை. வாயில் ஒரு வேடிக்கையும் வரவில்லை. வராமல் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது அவர் ஆக்சிஜன் முகமூடியை ஒரு விரலால் விலக்கிக்கொண்டு கேட்டார்.

‘சார் வெளியூரா?’

‘இல்ல. இந்த ஊருதான்.’

அவர் விரலை எடுத்துக்கொண்டார். முகமூடி மறுபடி மூடிக்கொண்டது.

நான் ஆம்புலன்ஸில் கூடப் போகவில்லை. போகிறேன் என்று சொன்னேன். இடமில்லை என்றார்கள். இடமில்லை என்று அவர்கள் சொன்னதும் எனக்கு நெஞ்சு லேசானது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுவாரம் அந்த ஊருக்கு பஸ் பிடித்துப் போனேன். அழுத்த அறையைக் கவனிக்கும் டாக்டர் நிதானமானவர். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆனால் எழுந்து நடமாடியிருக்கலாம் என்றார். கேட்டவன் யார் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஆறாவது கட்டில்காரரை எட்டு தடவை அந்த அறைக்குள் வைத்து எடுத்தார்கள். வலது தொடையில் பாதி வரை தொடு உணர்ச்சி திரும்பியது. இடது கால் வரவில்லை. சிறுநீர்க் குழாயோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கு முப்பத்தெட்டு வயது. அதற்குப் பிறகு அவர் எழுந்து நிற்கவில்லை.